ஏரியில் நோய், மலையில் மருந்து

உங்களுக்கு ஒரு புதிர். ஒரு பெரிய நகரத்தில் அழகான ஏரி ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அது மண்ணால் தூர்ந்து வருகிறது. அந்த ஏரியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள், பல கிலோமீட்டருக்கு அப்பால் மலைச்சரிவில் உள்ள ஒரு சிற்றூருக்குப் போகிறார்கள். அங்குள்ள கோதுமை வயல்களுக்குத் தண்ணீர் கிடைக்க வழி செய்கிறார்கள். சில ஆண்டுகளில், நகரத்து ஏரிக்கு வரும் மண் குறைந்துவிடுகிறது!

வயலுக்குப் பாய்ச்சிய நீருக்கும் ஏரிக்கு வரும் மண்ணுக்கும் என்ன தொடர்பு?

இது கற்பனைக் கணக்கு அல்ல. நம் நாட்டில், ஹரியானா மாநிலத்தைச் சேர்ந்த சுகோமாஜ்ரி என்னும் ஊரில் நடந்தது. புதிருக்கு விடை காண, முதலில் அந்த ஏரிக்கரைக்குப் போவோம்.

நகரமும் ஏரியும்

நாடு விடுதலை அடைந்தபின் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் சண்டிகார். லெ கொர்புசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக்கலை நிபுணர் அதன் அமைப்பை வகுத்தார். எந்த இடத்தில் வீடுகள், எங்கே கடைகள், எங்கே பூங்கா என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக் கட்டிய நகரம் அது. நகர மக்கள் காற்று வாங்க ஒரு நீர்நிலை வேண்டும் என்று எண்ணினார்கள். சிவாலிக் மலையிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் இறங்கி வரும் சுக்னா என்னும் காட்டாற்றின் குறுக்கே 1958இல் கரை எழுப்பினார்கள். தலைமைப் பொறியாளர் பி. எல். வர்மாவுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுக்னா ஏரி உருவாயிற்று.

ஆனால் திட்டமிட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். நகரத்தின் ஒவ்வொரு தெருவுக்கும் வரைபடம் இருந்தது. ஏரிக்குத் தண்ணீர் அனுப்பும் மலைக்கோ எந்தத் திட்டமும் இல்லை. தண்ணீரோடு மண்ணும் வந்தது. 1970களின் நடுவில் பார்த்தபோது, ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டல் நிறைந்திருந்தது. பிறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத ஏரி முதுமை அடைந்துவிட்டது!

என்ன செய்யலாம்? தூர்வாரலாம். நகர நிருவாகம் அதைத்தான் செய்துவந்தது. ஆனால் இந்த ஆண்டு அள்ளிய மண்ணை அடுத்த ஆண்டு மழை மறுபடியும் கொண்டுவந்து கொட்டியது. ஓட்டைப் படகில் ஏறியவர் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அந்தக் கதைதான்.

மண் எங்கிருந்து வந்தது?

ஓர் ஏரிக்கு எந்த நிலப்பரப்பிலிருந்தெல்லாம் மழைநீர் வந்து சேருகிறதோ, அந்தப் பரப்பு முழுவதையும் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையின் ஒரு பக்கத்தில் விழும் மழை முன்வாசலுக்கு வரும். மறுபக்கத்தில் விழுவது கொல்லைக்குப் போகும். கூரையின் உச்சிக்கோடுதான் இரண்டையும் பிரிக்கிறது. மலை முகடுகளும் இப்படித்தான் நீரைப் பிரித்து அனுப்புகின்றன.

சுக்னா ஏரியின் நீர்ப்பிடிப்பு சுமார் 42 சதுர கிலோமீட்டர். மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தின் சண்டிகார் கிளை விஞ்ஞானிகள் பி. ஆர். மிஸ்ரா என்பவரின் தலைமையில் அதை ஆராய்ந்தனர். நோயாளியின் உடம்பு முழுவதையும் சோதித்து, நோய் எந்த உறுப்பில் இருக்கிறது என்று காண்பதைப் போல, ஓடை ஓடையாக ஏறிப் போனார்கள். வியப்பான உண்மை ஒன்று தெரிந்தது. ஏரிக்கு வரும் வண்டல் எல்லா இடத்திலிருந்தும் சமமாக வரவில்லை. அதன் பெரும்பகுதி நீர்ப்பிடிப்பின் ஒரு சிறு பகுதியிலிருந்தே வந்தது. அந்தப் பகுதியில்தான் சுகோமாஜ்ரி இருந்தது. சுமார் 60 குடும்பங்கள் வாழ்ந்த சிற்றூர் அது.

அங்கே மலை மொட்டையாக இருந்தது. புல்லும் இல்லை, புதரும் இல்லை. மழைநீர் அறுத்த பள்ளங்கள் மலையைக் கீறியிருந்தன. அந்தப் பள்ளங்கள் ஊரின் வயல்களையும் விழுங்கிக்கொண்டிருந்தன. ஏரிக்கு வந்த நோய் அந்த ஊருக்கும் வந்திருந்தது.

மழைத்துளி என்னும் சுத்தியல்

மண் எப்படி அரிக்கப்படுகிறது? ஓடும் நீர்தான் மண்ணை அரிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வேலையைத் தொடங்கி வைப்பது மழைத்துளி. ஒரு பெரிய மழைத்துளியின் விட்டம் 5 மில்லிமீட்டர் இருக்கலாம். அது வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. வெற்று மண்ணின் மீது விழும் ஒவ்வொரு துளியும் ஒரு சின்னஞ்சிறு சுத்தியல் அடி. மண்கட்டிகள் நொறுங்குகின்றன. நுண்ணிய துகள்கள் தெறித்து, மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. அதன்பின் நீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை, மேலாகவே ஓடுகிறது. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். சரிவு செங்குத்தாக இருந்தால் கேட்கவே வேண்டாம்!

எவ்வளவு மண் போகும் என்பதைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. அமெரிக்க விஞ்ஞானிகளான விஷ்மியர், ஸ்மித் இருவரும் 1965இல் வெளியிட்டது. மண் இழப்பை ஆறு காரணிகள் முடிவு செய்கின்றன என்று அது சொல்கிறது. மழையின் வலிமை, மண்ணின் தன்மை, சரிவின் நீளம், சரிவின் சாய்வு, நிலத்தை மூடியிருக்கும் தாவரம், நிலத்தில் மனிதர் செய்துள்ள பாதுகாப்பு வேலை ஆகியவையே அந்த ஆறு.

இவற்றைச் சுகோமாஜ்ரிக்குப் பொருத்திப் பாருங்கள். ஆண்டு மழை ஏறக்குறைய 1,100 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. மண்ணோ சிவாலிக் மண். இமயமலைத் தொடரில் வயதில் மிக இளையவை சிவாலிக் குன்றுகள். ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த மணலும் களிமண்ணும் கூழாங்கல்லும் சரியாக இறுகும் முன்பே மேலே உயர்ந்து குன்றுகளாயின. தொட்டால் உதிரும் மலை! சரிவும் கடுமையானது. மழையையும் மலையின் தன்மையையும் சாய்வையும் நம்மால் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தவை கடைசி இரண்டு மட்டுமே: தாவரப் போர்வை, பாதுகாப்பு வேலை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதன் மேலிருந்து வெறும் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள மண் போனால், அது 10 கன மீட்டர். எடையில் சுமார் 13 டன். ஒரு பெரிய லாரியை நிரப்பிவிடும். பார்வைக்கு நிலம் நேற்றிருந்தது போலவே இருக்கும்! ஆனால் ஒரு சென்டிமீட்டர் மண் இயற்கையில் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம்.

ஆடுகளைக் குறை சொல்லலாமா?

மலை ஏன் மொட்டையாயிற்று? வெள்ளாடுகளும் மாடுகளும் மேய்ந்தன. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. அப்படியானால் மருந்து எளிது என்று தோன்றும். “மலையில் யாரும் மேய்க்கக் கூடாது” என்று தடை போட்டால் போதாதா?

அதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். சிவாலிக் காட்டாறுகள் சமவெளியில் மணலைக் கொட்டி வயல்களை அழிப்பதைக் கண்டு, அன்றைய பஞ்சாப் அரசு 1900ஆம் ஆண்டிலேயே ஒரு நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் தடுக்க அரசுக்கு அது அதிகாரம் அளித்தது. சட்டம் பிறந்து முக்கால் நூற்றாண்டு கழிந்தும் சுகோமாஜ்ரி மலை மொட்டையாகத்தான் இருந்தது.

ஏன்? அந்த ஊர் மக்களின் இடத்தில் நின்று பாருங்கள். அவர்களுக்குச் சிறு சிறு வயல்கள் உண்டு, பாசனம் கிடையாது. குளிர்காலத்தில் மழை பெய்தால் கோதுமை, பொய்த்தால் பட்டினி. நிலமே இல்லாத குடும்பங்களும் இருந்தன. இந்த நிலையில் கைகொடுப்பது எது? வெள்ளாடு. வறட்சியிலும் அது எதையாவது கடித்துப் பிழைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு விற்றால் கையில் பணம். அந்த ஏழைகளுக்கு ஆடுதான் வங்கி. மலைதான் அந்த வங்கியின் முதல். அந்த மலையும் ஊருக்குச் சொந்தமில்லை, வனத்துறைக்குச் சொந்தம். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை, தன் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஏன் காக்க வேண்டும்? அதுவும் எங்கோ இருக்கும் நகரத்தார் படகு விடுவதற்காக!

விஞ்ஞானிகள் முதலில் மலையில் மரக்கன்றுகள் நட்டார்கள். பள்ளங்களில் கல்தடுப்புகள் கட்டினார்கள். மக்கள் ஒத்துழைக்காவிட்டால் இந்த வேலை எதுவும் நிலைக்காது என்பது விரைவில் விளங்கிவிட்டது. “மண் ஏன் போகிறது?” என்ற கேள்வியோடு வந்தவர்கள், “இந்த மக்களுக்கு ஏன் வேறு வழியில்லை?” என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். நோயின் வேர் அங்கேதான் இருந்தது.

அணை கற்பித்த பாடம்

1976இல் ஊருக்கு அருகே ஓடையின் குறுக்கே ஒரு சிறு மண் அணை கட்டப்பட்டது. நீரின் வேகத்தைத் தடுத்து, பள்ளங்கள் வளராமல் நிறுத்துவது அதன் நோக்கம். ஆனால் அணை இன்னொரு வேலையையும் செய்தது. மழைக்காலத்து நீரைத் தேக்கி வைத்தது. பின்னர் மழை பொய்த்து, கோதுமை வாடத் தொடங்கியபோது, தேங்கிய நீரை வயலுக்கு விட்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. நீர் பாய்ந்த வயலில் பயிர் பிழைத்தது!

எவ்வளவு நீர் தேங்கும் என்று பாருங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கன மீட்டர் நீர். 5 ஹெக்டேர் சரிவில் 40 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி வழிந்தோடினால், 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் நீர் ஓடை வழியே வரும். முன்பு மண்ணை அள்ளிக்கொண்டு ஓடிய அதே நீர் இப்போது செல்வமாகத் தங்கிவிட்டது.

இதைக் கண்ட ஊராருக்கு ஓர் உண்மை கண்கூடாகத் தெரிந்தது. மலையில் ஆடு மேய்ந்தால் மண் வரும். மண் வந்தால் அணை தூரும். அணை தூர்ந்தால் கோதுமைக்கு நீர் இல்லை. சண்டிகார் ஏரிக்கு நேர்ந்தது தங்கள் சொந்த அணைக்கும் நேரும்! அதுவரை மலையைக் காப்பது யாருக்கோ செய்யும் உதவியாக இருந்தது. இப்போது அது தங்கள் வயிற்றுப் பாடு ஆயிற்று.

முள்வேலி அல்ல, சமூக வேலி

ஆனால் இங்கே ஒரு சிக்கல் வந்தது. அணைக்குக் கீழே வயல் உள்ளவர்களுக்குத்தான் நீர் கிடைத்தது. மேட்டு வயல்காரர்களுக்கு இல்லை. நிலமற்றவர்களுக்கு அறவே இல்லை. அவர்கள் ஆடுகளை மலைக்கு ஓட்டிப்போவதை ஏன் நிறுத்த வேண்டும்?

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பத்துக் குடும்பங்கள் உள்ள ஊரில், அணை நீரை 100 மணி நேரம் பாய்ச்சலாம். நிலத்தின் அளவுப்படி பங்கிட்டால், மூன்று பெரிய குடும்பங்களே முக்கால்வாசியை எடுத்துக்கொள்ளும். நிலமில்லாத இரண்டு குடும்பங்களுக்குச் சுழி. அந்த இரண்டு குடும்பங்களின் ஆடுகள் மட்டும் மலையில் மேய்ந்தாலும் போதும், அணை தூர்ந்துவிடும். எனவே எட்டுப்பேர் கட்டுப்பட்டு இருவர் கட்டுப்படாத ஏற்பாடு பயன்படாது. பத்துப்பேரும் கட்டுப்பட வேண்டுமானால் பத்துப்பேருக்கும் பலன் வேண்டும்.

சுகோமாஜ்ரி மக்கள் கண்ட தீர்வு எளிமையானது, ஆனால் துணிச்சலானது. அணை நீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு! நிலம் எவ்வளவு இருந்தாலும், இல்லாவிட்டாலும், பங்கு ஒன்றே. நிலமற்றவர் தம் பங்கை நிலமுள்ளவருக்கு விற்கலாம். அல்லது அந்த நீரைக் கொடுத்து விளைச்சலில் பங்கு கேட்கலாம். இதற்குப் பதிலாக ஒவ்வொரு குடும்பமும் மலையில் கால்நடைகளைத் திரிய விடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. மலைவள நிருவாகச் சங்கம் என்று பின்னர் அதற்குப் பெயர் ஏற்பட்டது. நம் ஊர்களில் நீர்க்கட்டி முறைவைத்துத் தண்ணீர் விடுவது போல, முறை பார்த்துக் குழாய்களின் வழியே நீர் விடப்பட்டது. 1980களின் நடுவில் ஊரைச் சுற்றி இத்தகைய அணைகள் நான்கு இருந்தன.

மலையைச் சுற்றிக் கம்பிவேலி போடவில்லை, காவலாளும் போடவில்லை. மக்களின் ஒப்பந்தமே வேலியாக நின்றது. இதைச் “சமூக வேலி” என்று அழைத்தார்கள்.

மேய்ச்சல் நின்றதும் மலை பேசத் தொடங்கியது! முதலில் புல் வந்தது. கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் உதவும் பாபர் புல் சரிவெங்கும் செழித்தது. காசுக்கட்டி தரும் கயிர் மரங்கள் தழைத்தன. முன்பு வனத்துறை புல்லை ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விடும். இப்போது அந்த உரிமையைச் சங்கமே பெற்றது. வெட்டிய புல்லைத் தொழுவத்தில் போட்டு எருமைகளை வளர்த்தார்கள். வெள்ளாடுகள் வெகுவாகக் குறைந்தன, எருமைகள் பெருகின, பால் விற்பனை ஏறியது. கோதுமை விளைச்சலும் உயர்ந்தது. மலையிலிருந்து ஏரிக்குப் போன வண்டல் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது.

புதிருக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா? கோதுமைக்கு நீர் கிடைத்தது, அதனால் ஆட்டை நம்பும் தேவை குறைந்தது, அதனால் புல் வளர்ந்தது, புல் மண்ணைப் பிடித்தது, ஏரி தப்பியது.

ஒரு நிலம், பல வேலைகள்

இந்த முறைக்கு இன்று அறிஞர்கள் இட்டுள்ள பெயர் “ஒருங்கிணைந்த நிலப்பயன்பாட்டுத் திட்டம்.” பெயர் நீளமானது, பொருள் எளிது. காட்டை வனத்துறை பார்க்கிறது. வயலை வேளாண்மைத் துறை பார்க்கிறது. ஏரியைப் பொதுப்பணித் துறையோ நகராட்சியோ பார்க்கிறது. ஆட்டைக் கால்நடைத் துறை பார்க்கிறது. ஆனால் மழைநீர் இந்தத் துறைகளின் கதவைத் தட்டி அனுமதி கேட்டுவிட்டு ஓடுவதில்லை. முகட்டில் விழுந்து, காட்டைக் கடந்து, மேய்ச்சல் நிலத்தில் ஓடி, வயலை நனைத்து, ஏரியில் முடிகிறது. ஆகவே முகடு முதல் ஏரி வரை ஒரே நிலமாகக் கருதி, எந்தப் பகுதி எதற்கு ஏற்றது, ஓரிடத்தில் செய்வது மற்றோரிடத்தை எப்படிப் பாதிக்கும், அதன் பலன் யாருக்கு, இழப்பு யாருக்கு என்று சேர்த்து ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கடைசிக் கேள்வியை மறந்துவிடக் கூடாது. ஏரியின் அழகு நகரத்தாருக்கு. மேய்ச்சலை விட்டுக்கொடுத்தவர்கள் மலைவாசிகள். இழந்தவர்களுக்கு ஈடு இல்லாத திட்டம் தாளில்தான் நிற்கும், நிலத்தில் நிற்காது.

நார்வே நாட்டின் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த உலக ஆணையம் ஒன்று 1987இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்றைய தேவைகளை நிறைவேற்றும்போது, வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காத வளர்ச்சியே நிலைத்த வளர்ச்சி என்று அது விளக்கியது. 1992இல் ரியோ டி ஜெனீரோவில் கூடிய நாடுகள் ஏற்றுக்கொண்ட செயல்திட்டத்தில், நிலவளத்தை ஒருங்கிணைத்துத் திட்டமிடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1970களில், ஒரு சிற்றூர் அதைச் செய்து காட்டிவிட்டது! காட்டைக் காப்பதில் உள்ளூர் மக்களையும் பங்காளிகளாக்க வேண்டும் என்று மத்திய அரசு 1990இல் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சுகோமாஜ்ரி போன்ற ஊர்களின் அனுபவம் அதற்கு வழிகாட்டியது.

கதை இன்னும் முடியவில்லை

“பிறகு எல்லாரும் நலமாக வாழ்ந்தார்கள்” என்று முடித்துவிடலாம். ஆனால் அறிவியல் உண்மையை மறைப்பதில்லை.

மண் அணைக்கும் ஆயுள் உண்டு. எவ்வளவு குறைத்தாலும் சிறிது வண்டல் வந்துகொண்டேதான் இருக்கும். பிற்காலத்தில் அணைகள் தூரத் தொடங்கின. பழுது பார்க்கப் பணமும் ஒற்றுமையும் தேவைப்பட்டன. புல் வருமானத்தில் ஊருக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு என்ற பிணக்கும் எழுந்தது. பங்கு குறைந்தால் அக்கறையும் குறையும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஏரியின் கதையில் இன்னும் வேடிக்கையான திருப்பம் ஒன்று. வண்டலைத் தடுக்க நீர்ப்பிடிப்பெங்கும் காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட தடுப்பணைகள் கட்டப்பட்டன. மண் நின்றது, கூடவே தண்ணீரும் நின்றுவிட்டது! தாவரம் அடர்ந்த சரிவும் மழைநீரை முன்பைவிட அதிகமாகக் குடித்தது. முன்பு சேற்றால் வருந்திய ஏரி, 2010களில் சில கோடைகளில் நீரில்லாமல் வருந்தியது. மழை வலுத்தாலோ நிலைமை நேர்மாறு. 2023 ஜூலையில் பெய்த பெருமழையின்போது ஏரி நிரம்பி, மதகுகளைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

நகரம் வளர வளர, நீர்ப்பிடிப்பில் கட்டடங்களும் முளைத்தன. அந்த நீர்ப்பிடிப்பு சண்டிகார், பஞ்சாப், ஹரியானா என்று மூன்று ஆட்சிப் பகுதிகளில் பரந்து கிடக்கிறது. 2020 மார்ச் மாதத்தில் பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றம் சுக்னா ஏரியை உரிமைகள் உள்ள ஓர் உயிருள்ள பொருளாகவே அறிவித்தது. நீர்ப்பிடிப்பில் விதியை மீறி எழுந்த கட்டடங்களை அகற்றவும் ஆணையிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நிலத்துக்குத் திட்டம் தீட்டுவது ஒருமுறை போட்டு முடிக்கும் கணக்கு அல்ல. மண்ணைத் தடுத்தால் நீர் குறையலாம். நீரைப் பெருக்கினால் வெள்ளம் வரலாம். அளந்து, பார்த்து, திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது.

செய்து பாருங்கள்

புல் மண்ணைக் காக்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று பழைய தகரத் தட்டுகள் அல்லது மரப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நீர் வழிய ஒரு வெட்டு இருக்கட்டும். மூன்றிலும் ஒரே வகை மண்ணை ஒரே உயரத்துக்கு நிரப்புங்கள். முதல் பெட்டியில் கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, நாள்தோறும் நீர் தெளித்து, இரண்டு மூன்று வாரம் வளரவிடுங்கள். இரண்டாவதில் காய்ந்த இலைச்சருகைப் பரப்புங்கள். மூன்றாவது வெற்று மண்ணாகவே இருக்கட்டும்.

மூன்றையும் செங்கல் வைத்து ஒரே அளவு சாய்த்து, வெட்டுக்குக் கீழே கண்ணாடிக் குவளைகளை வையுங்கள். பூவாளியால் ஒரே உயரத்திலிருந்து ஒரே அளவு நீரைத் தெளியுங்கள். எந்தக் குவளையில் நீர் முதலில் விழுகிறது? எதில் அதிகம் சேருகிறது? எந்த நீர் கலங்கலாக இருக்கிறது? குவளைகளை ஒருநாள் அசையாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சாய்வை அதிகமாக்கி மீண்டும் செய்யுங்கள். விஷ்மியரும் ஸ்மித்தும் சொன்ன ஆறு காரணிகளில் எவற்றை நீங்கள் சோதித்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த விடுமுறையில் இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஏறி நில்லுங்கள். தண்ணீர் வரும் வரத்துக்கால் எது? அதைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்து போனால் எங்கே போய்ச் சேருவீர்கள்? வழியில் நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, மேய்ச்சல் புறம்போக்கு எங்கே, புதிய வீட்டுமனைகள் எங்கே என்று ஒரு தாளில் படம் வரையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது எப்படி இருந்தது என்று இன்னொரு படமும் வரையுங்கள்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் ஏரிக்கு நோய் உண்டா, அதன் மருந்து எந்த மேட்டில் இருக்கிறது, அங்கே வாழ்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன தேவை என்பதெல்லாம் அந்தப் படங்களிலிருந்து தெரியத் தொடங்கும்.